பாதயாத்திரையை ஆய்வு செய்வது எப்படி? கடலூர் சாலையில் தொடங்கி ஷிகோக்கு வரை

ஆகஸ்ட் கடைசி வாரம் வந்தால் புதுச்சேரி–கடலூர் சாலையில் காவி உடுத்தி, மாதா சொரூபம் வைத்த சப்பரத்தை இழுத்துக்கொண்டு வேளாங்கண்ணிக்கு நடக்கிறவர்களைப் பார்க்கலாம். தைப்பூசத்துக்கு வடலூர். மாசி மகத்துக்கு வைத்திக்குப்பம், தேவனாம்பட்டினம், கிள்ளை. நடுவில் சிவப்புச் சேலையில் மேல்மருவத்தூர், கறுப்பு வேட்டியில் சபரிமலை. இத்தனையும் கண்ணெதிரே நடக்கும்போது யாத்திரை என்று தலைப்பு எடுக்கும் மாணவர்கள் பலர் தலபுராணத்தைச் சுருக்கி, கோபுரத்தின் உயரத்தைக் குறித்து, திருவிழா அட்டவணையைச் சேர்த்து ஆய்வேட்டை முடித்துவிடுகிறார்கள். அதில் கோயில் இருக்கும், நடந்து வந்தவர் இருக்க மாட்டார். யாத்திரையைச் சாலையில் வைத்துத்தான் படிக்க வேண்டும்: யார் நடக்கிறார்கள், எங்கே தூங்குகிறார்கள், யார் சோறு போடுகிறார்கள், அதற்கான கணக்கு யார் கையில் இருக்கிறது.

வரலாறு, சமூகவியல், நாட்டார் வழக்காற்றியல் படிக்கிறவர்கள், ஜப்பானோடு, குறிப்பாக அங்கே ஷிகோக்கு தீவைச் சுற்றிவரும் 88 கோயில் யாத்திரையோடு, ஒப்பிட்டு எழுத நினைக்கிறவர்கள், கையில் பெரிய நிதி இல்லாதவர்கள் இவர்களுக்காக இதை எழுதுகிறோம்.

கேள்வியையும் களத்தையும் சுருக்குங்கள்

"வடலூர் தைப்பூசம்: ஓர் ஆய்வு" என்பது தலைப்பாக இருக்கலாம், கேள்வியாகாது. "வேளாங்கண்ணிக்கு நடக்கிறவர்கள் அரியாங்குப்பத்துக்கும் சிதம்பரத்துக்கும் நடுவில் எங்கே இரவு தங்குகிறார்கள், அந்த இடத்தைக் கொடுப்பவர் யார்?" என்று கேட்டால் பதில் தேடிப் போக முடியும். கேள்விக்குள் ஓர் இடம், ஒரு காலம், ஒரு செயல் மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள்.

களத்தைப் பொறுத்தவரை ஒவ்வொன்றும் ஒரு விதம். வேளாங்கண்ணி நடை நீளமானது. புதுச்சேரியிலிருந்து ஏறத்தாழ 150 கி.மீ.; ஒரு நாளைக்கு 25 முதல் 30 கி.மீ. என்றால் 5, 6 நாள். கொடியேற்றம் ஆகஸ்ட் 29, பெருவிழா செப்டம்பர் 8. ஆகவே கொடிக்குப் போகிறவர்கள் ஆகஸ்ட் 23, 24 வாக்கிலும், தேருக்குப் போகிறவர்கள் செப்டம்பர் முதல் இரண்டு நாளிலும் நம் ஊரைக் கடக்க வேண்டும். இரண்டு அலை. ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு எழுதினால் பாதிதான் வரும்.

வடலூர் சுருக்கமான களம். தைப்பூசத்தன்று சத்திய ஞான சபையில் ஏழு திரை விலக்கி ஜோதி தரிசனம் 6 முறை: காலை 6, 10, பகல் 1, இரவு 7, 10, மறுநாள் விடியற்காலை 5.30. அடுத்து இரண்டாம் நாள் மேட்டுக்குப்பம் சித்திவளாகத்தில் திருஅறை தரிசனம். வள்ளலார் 1867இல் பசித்தவர்க்குச் சோறு போடும் தருமச்சாலையையும் 1872இல் சபையையும் தொடங்கினார். தருமச்சாலையின் அடுப்பு அன்று மூட்டியதிலிருந்து அணையாமல் எரிவதாக வள்ளலார் வழி நடக்கும் சன்மார்க்கிகள் சொல்வார்கள். உணவு பற்றிக் கேள்வி கேட்க இதைவிட நல்ல இடம் இந்த மாவட்டத்தில் இல்லை.

மாசி மகத்தில் நடப்பது தலைகீழ்: இங்கே சாமிதான் யாத்திரை வருகிறது. வைத்திக்குப்பம் கடற்கரைக்கு மயிலம் முருகன் உட்படப் பல ஊர் உற்சவர்கள் வருகிறார்கள். ஸ்ரீமுஷ்ணம் பூவராகப் பெருமாள் கிள்ளைக்கு வரும்போது அங்குள்ள தர்கா சார்பில் முஸ்லிம்கள் வரவேற்பு கொடுப்பது ஊரறிந்த வழக்கம். முதல் முறை களத்துக்குப் போகிறவர்களுக்குக் கிள்ளையை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. அன்று கேமராவோடு வருகிறவர்கள் எல்லாரும் "நல்லிணக்கம்" என்ற ஒரே வார்த்தையை எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். பல்லக்கு நிற்கும் வரிசை, யாருக்கு எந்த மரியாதை, அதை முடிவு செய்வது யார் என்பதைப் பிடிக்க இரண்டாம் ஆண்டு ஆகும்.

வில்லியனூரில் வேறொரு வசதி. ஒரே ஊரில் திருக்காமீஸ்வரர் தேரும் இருக்கிறது, லூர்து மாதா திருத்தலமும் இருக்கிறது. பிரான்சின் லூர்தில் காட்சி கிடைத்ததாகச் சொல்லப்படுவது 1858இல். இருபது ஆண்டு ஆவதற்குள் வில்லியனூரில் அதே மாதாவுக்கு ஆலயம் வந்துவிட்டது. தூரத்துப் புனிதத் தலத்தை உள்ளூரில் படியெடுப்பது என்ற தலைப்புக்கு இது அருமையான களம். ஜப்பானில் இதே வேலை பெரிய அளவில் நடந்திருக்கிறது. ஷிகோக்குவின் 88 கோயில்களைப் பார்த்து ஷோதோஷிமா தீவில் சிறிய 88. சாய்கோக்கு வட்டாரத்தில் கருணையின் போதிசத்துவரான கண்ணோனுக்கு உள்ள 33 கோயில்களைப் பார்த்து பண்டோ வட்டாரத்தில் 33, சிச்சிபுவில் 34.

முன்நடை

திருவிழாவுக்கு ஒரு மாதம் முன்பே வழியை ஒரு முறை நடந்து பாருங்கள். பஸ்ஸில் போனால் தெரியாது. கைபேசியில் இணையம் இல்லாமல் இயங்கும் ஓஸ்மாண்ட் போன்ற வரைபடச் செயலி போதும். தடத்தைப் பதியவிட்டு ஒவ்வொரு தண்ணீர்க் குழாய், நிழல் மரம், கல்யாண மண்டபம், பெட்ரோல் பங்க், கெபி, சாலையோர அம்மன் கோயில், கழிப்பறை இவற்றில் புள்ளி வையுங்கள். திருவிழா நாளில் இதே வரைபடத்தின் மேல் பந்தல்களைக் குறிக்கும்போது, எங்கே பந்தல் இல்லை என்பது தானாகத் தெரியும். அதுதான் ஆய்வின் முதல் நல்ல கேள்வியாக மாறும்.

முன்நடையில் இன்னொரு வேலை, எண்ணும் இடத்தை முடிவு செய்வது. சுற்றிப் போக முடியாத இடம் வேண்டும். ஆற்றுப் பாலம் சிறந்தது: சுண்ணாம்பாறு, தென்பெண்ணை, கெடிலம், வெள்ளாறு, கொள்ளிடம். ஆனால் பழைய பாலம், புதிய பாலம், புறவழிச்சாலை என்று பிரிந்திருந்தால் நடக்கிறவர்கள் எதில் போகிறார்கள் என்று பக்கத்து டீக்கடையில் கேளுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் ஒரு பாலத்தில் நிற்பீர்கள், கூட்டம் அடுத்த பாலத்தில் போகும்.

எண்ணுவது

"லட்சக்கணக்கான பக்தர்கள்" என்பது செய்தி நடை. ஆய்வேட்டில் எண் வேண்டும், அந்த எண்ணை எப்படி எடுத்தீர்கள் என்ற விளக்கமும் வேண்டும்.

நகரும் கூட்டத்துக்கு: இரண்டு பேர், ஆளுக்கொரு கை எண்ணி. அழுத்த அழுத்த எண் கூடும் சின்னக் கருவி; விளையாட்டுச் சாமான் கடையில் கிடைக்கும். நடக்கிறவர்கள் விடிகாலை 3, 4 மணிக்குக் கிளம்பி வெயில் ஏறும்வரை நடப்பார்கள், மத்தியானம் படுப்பார்கள், சாயங்காலம் 4 மணிக்கு மறுபடி கிளம்பி இரவு வரை. ஆக எண்ண வேண்டியது காலை 3–10, மாலை 4–10. பகல் 11 மணிக்கு வந்து நின்று "கூட்டம் குறைந்துவிட்டது" என்று எழுதினால் பாலத்தில் படுத்திருக்கும் நாய்கூட நம்பாது.

ஒரு மணி நேரத்தில் முதல் 15 நிமிடம் எண்ணி நாலால் பெருக்குவது வழக்கம். இதில் ஒரு பள்ளம் உண்டு. நம் யாத்திரிகர்கள் சீராக வருவதில்லை, குழுவாக வருகிறார்கள். 45 பேர் கொண்ட ஒரு குழு அந்த 15 நிமிடத்துக்குள் விழுந்தால் கணக்கில் 180 ஆகிவிடும். வெளியே விழுந்தால் பூஜ்யம். அதனால் இரண்டாகப் பிரியுங்கள். சப்பரம், கொடி, ஒலிபெருக்கி கட்டிய குட்டியானை வண்டியோடு வரும் குழுக்களை மணி நேரம் முழுக்க, ஒன்று விடாமல் எண்ணுங்கள். குழுவின் ஊர்ப் பெயர் பேனரில் இருக்கும், அதையும் எழுதுங்கள். தனியாகவும் இரண்டு மூன்று பேராகவும் வருகிறவர்களுக்கு மட்டும் 15 நிமிடக் கணக்கு. ஆண், பெண், சிறுவர் என்று மூன்று பத்தி. செருப்பில்லாமல் நடப்பவரைத் தனியே குறிக்க முடிந்தால் நல்லது, இருட்டில் முடியாது.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தனித்தனியே எண்ணி, பிறகு ஒப்பிடுங்கள். பத்துக்கு ஒன்றுக்கு மேல் வித்தியாசம் வந்தால் யார் எந்த ஆளை விட்டார் என்று பேசித் தீருங்கள். பெரும்பாலும் குழந்தையைத் தூக்கி வருபவரிடமும் வண்டியில் உட்கார்ந்திருக்கும் வயதானவரிடமும்தான் கணக்கு பிசகும். அவர் யாத்திரிகரா இல்லையா? முன்கூட்டியே முடிவு செய்து எழுதிவைத்துவிடுங்கள்.

நிற்கும் கூட்டத்துக்கு வேறு முறை. ஞான சபைத் திடல், வைத்திக்குப்பம் மணல் போன்ற இடங்களில் செயற்கைக்கோள் படத்திலிருந்து பரப்பைச் சதுர மீட்டரில் அளந்து கட்டங்களாகப் பிரியுங்கள். மொட்டைமாடியிலிருந்து படம் எடுத்து ஒவ்வொரு கட்டத்துக்கும் அடர்த்தி போடுங்கள்: கை வீசி நிற்க இடமிருந்தால் சதுர மீட்டருக்கு 1 ஆள், நெருக்கமாக நின்றால் 2.5, நகரவே முடியாவிட்டால் 4. இது 1960களில் ஹெர்பர்ட் ஜேக்கப்ஸ் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர்-பேராசிரியர் வகுத்த முறையின் மீட்டர் வடிவம். இதில் கிடைப்பது அந்த நொடியின் கூட்டம் மட்டும். வடலூரில் ஆறு ஜோதிக்கும் ஆறு முறை கணக்கெடுத்துக் கூட்டினால் இரண்டு ஜோதி பார்த்தவர் இரண்டு ஆளாகிவிடுவார். பேசும்போது "எத்தனை ஜோதி பார்த்தீங்க?" என்று கேட்டு, அந்தச் சராசரியால் வகுத்துத்தான் மொத்தம் சொல்ல வேண்டும்.

அதிகாரபூர்வ எண்களையும் இதே சந்தேகத்தோடு படியுங்கள். ஸ்பெயினின் கிறிஸ்தவ யாத்திரைத் தலமான சந்தியாகோ தே கொம்போஸ்தேலாவில் 2024இல் பதிவானவர்கள் ஏறத்தாழ 5 லட்சம். அந்த எண்ணில் இருப்பவர்கள், கடைசி 100 கி.மீ.யாவது நடந்து, அல்லது 200 கி.மீ. சைக்கிளில் வந்து, முத்திரைகளைக் காட்டி, வரிசையில் நின்று சான்றிதழ் வாங்கியவர்கள். வாங்காமல் போனவர் கணக்கில் இல்லை. 100 கி.மீ. விதி இருப்பதாலேயே அந்தத் தூரத்துக்குச் சற்று வெளியே இருக்கும் சாரியா என்ற சிற்றூரில் தொடங்குகிறவர்கள்தான் மிகுதி. எண்ணும் விதி நடையையே மாற்றிவிடுகிறது. ஞான சபையிலும் ஒரு விதி வாசலில் எழுதியிருக்கிறது: கொலை புலை (உயிர்க்கொலையும் புலால் உணவும்) தவிர்த்தவர்கள் மட்டும் உள்ளே வரலாம் என்று. வெளியில் நின்றே கும்பிட்டுப் போகிறவர்களை உங்கள் கணக்கு எங்கே வைக்கும்?

பேசுவது

நடக்கிறவரை நிறுத்தக் கூடாது. நின்றால் கால் பிடித்துக்கொள்ளும், குழு முன்னே போய்விடும். கூடவே நடந்துகொண்டு, 5 நிமிடத்தில் முடியும் 5 கேள்விகள் வைத்துக்கொள்ளுங்கள். எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி வலப்பக்கம் நடங்கள். இரவில் ஒளிரும் மேலங்கி கட்டாயம்.

கூப்பிடும் முறையில் முதல் மரியாதை இருக்கிறது. மாலை போட்டவர் "சாமி". மேல்மருவத்தூர்க்காரர் "சக்தி". வேளாங்கண்ணிக் குழுவிடம் "மரியே வாழ்க" என்றால் பேச்சு தொடங்கிவிடும். சன்மார்க்கிகளிடம் "அருட்பெருஞ்ஜோதி, ஐயா". படிவத்தை நீட்டி "தங்கள் பெயர், தொழில், மாத வருமானம்" என்று ஆரம்பித்தால் ரேஷன் கடைக் கணக்கெடுப்பு என்று நினைத்துக்கொள்வார்கள். அப்புறம் வரும் பதிலும் அந்த மாதிரிதான் இருக்கும்.

முதலில் அனுமதி. இப்படிச் சொன்னால் போதும்: "நான் காலேஜ்ல படிக்கிறேன், நடந்து போறவங்களைப் பத்தி எழுதுறேன். உங்க பேரு வேணாம், போட்டோவும் எடுக்கல. அஞ்சு நிமிஷம் கூட நடந்துகிட்டே பேசலாமா? புடிக்கலன்னா எப்ப வேணா நிறுத்திடலாம்." இதை ஒலிப்பதிவின் தொடக்கத்திலேயே பதிவாக விடுங்கள். பிறகு:

"எந்த ஊர்ல இருந்து எப்ப கிளம்பினீங்க?"
"யாரோட வர்றீங்க? இது எத்தனாவது வருஷம்?"
"நேத்து ராத்திரி எங்க படுத்தீங்க? அந்த இடம் யாரு சொன்னாங்க?"
"காலையில இருந்து எங்கெங்க சாப்பிட்டீங்க?"
"இது இல்லாம வேற எங்க நடந்து போவீங்க?"

"ஏன் நடக்கிறீங்க?" என்பது பட்டியலில் இல்லை, கவனித்தீர்களா? நேர்த்திக்கடன் சொந்த விஷயம். பிள்ளை இல்லை, கடன், புருஷன் குடி, புற்றுநோய் என்று சாலையில் ஓர் அந்நியரிடம் சொல்ல வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை. நேராகக் கேட்டால் "வேண்டுதல்" என்று ஒரு சொல்லில் மூடிவிடுவார்கள். தூங்கின இடம் பற்றிக் கேட்டால், பாதிப் பேர் தாமாகவே காரணத்துக்கு வந்துவிடுவார்கள்.

கடைசிக் கேள்வி, மதம் என்ன என்ற கேள்விக்குப் பதிலாக வைத்தது. படிவத்தில் இந்து, கிறிஸ்தவர், முஸ்லிம் என்று கட்டம் போட்டால் டிக் விழும், விஷயம் விழாது. மாதாவுக்கு நடக்கிற பெண் ஆடியில் அம்மனுக்குக் கூழும் ஊற்றுவார், நாகூருக்கும் போவார். ஜப்பானிலும் இந்தக் கட்டம் சரிப்படாது. ஷிகோக்குவின் 88 கோயில்களில் 80 ஷிங்கோன் பௌத்தப் பிரிவைச் சேர்ந்தவை, ஆனால் சுற்றுகிறவர்களில் எத்தனையோ பேர் வேறு பிரிவினர், அல்லது எனக்கு மதமே கிடையாது என்பவர்கள்.

யாரிடம் பேசுவது என்பதில்தான் அதிகத் தவறு நடக்கிறது. பந்தலில் உட்கார்ந்திருப்பவரிடம் மட்டும் பேசினால் களைத்தவர்களும் வயதானவர்களும் மட்டும் கிடைப்பார்கள். குழுத் தலைவரிடம் கேட்டால் குழுவின் விளம்பரம் கிடைக்கும். பெண்களிடம் கேட்ட கேள்விக்கு அண்ணனோ கணவரோ பதில் சொல்வார். மருந்து ஒன்றுதான்: ஒரு கல்லை எல்லையாக வைத்து, அதைத் தாண்டும் ஒவ்வொரு 10ஆவது ஆளிடமும் போங்கள். மறுத்தால் மறுத்தவர் என்று குறித்துவிட்டு அடுத்த 10. முதுகலை ஆய்வுக்கு இப்படி 60 முதல் 80 சிறு உரையாடல், பிறகு ஊரில் வீட்டுக்குப் போய் 10, 12 நீண்ட நேர்காணல் என்றால் கைக்கு அடங்கும். பெண்களோடு பேசப் பெண் ஆய்வாளர் ஒருவர் உடனிருப்பது நல்லது. இரவில் இருவருக்குக் குறைந்து போக வேண்டாம். 18 வயதுக்குட்பட்டவரிடம் பெற்றோர் பக்கத்தில் இல்லாமல் பேசக் கூடாது.

சாலையில் ஒலிப்பதிவைக் கெடுப்பது காற்றும் லாரியும். பஞ்சு உறை போட்ட சட்டை மைக்கை இரண்டு பேருக்கும் நடுவே பிடியுங்கள். ஒரு மணி நேரப் பதிவை எழுத்தாக்க 5, 6 மணி நேரம் ஆகும், அதைத் திட்டத்தில் சேருங்கள். பேசினபடியே எழுதுங்கள், "போயிருந்தேன்" என்று எழுத்து நடைக்குத் திருத்திவிட்டால் ஊரும் சாதியும் வயதும் அதோடு போய்விடும். குறிப்பேட்டில் இடப்பக்கம் பார்த்தது, வலப்பக்கம் நினைத்தது. அன்றைய குறிப்பை அன்று இரவே விரித்து எழுதாவிட்டால் மறுநாள் இரண்டு பக்கமும் கலந்துவிடும்.

பந்தல் சொல்லும் கணக்கு

நடக்கிறவர் போய்விடுவார். அவர் விட்டுச்செல்லும் காகிதம் எங்கே? ஷிகோக்குவில் இதற்கு ஒரு பதில் உண்டு. அங்கே சுற்றுகிறவர் பெயர், ஊர், தேதி எழுதிய ஒஸாமேஃபுதா என்ற சீட்டுகளைக் கட்டாக வைத்திருப்பார். ஒவ்வொரு கோயிலிலும் மூலக்கோயில் பெட்டியில் ஒன்று, இந்த யாத்திரையின் மூல குருவாகப் போற்றப்படும் கோபோ தாய்ஷி துறவியின் மண்டபப் பெட்டியில் ஒன்று. 88 கோயிலுக்கு 176. நிறம் சுற்றின் எண்ணிக்கையைச் சொல்லும்: முதல் 4 சுற்று வரை வெள்ளை, 5 முதல் பச்சை, 8 முதல் சிவப்பு, 25 முதல் வெள்ளி, 50 முதல் பொன், 100 தாண்டினால் பட்டுச்சரிகை. வழியில் யாராவது பழமோ காசோ தங்க இடமோ கொடுத்தால், அதற்கு ஒஸெத்தாய் என்று பெயர், வாங்கியவர் பதிலுக்கு ஒரு சீட்டைக் கொடுப்பார். கொடுத்த வீட்டார் அந்தச் சீட்டுகளை வைக்கோல் மூட்டையில் கட்டிப் பரணில் காப்பாக வைத்தார்கள். பிற்காலத்தில் ஆய்வாளர்கள் அந்த மூட்டைகளைப் பிரித்து, எந்த மாகாணத்திலிருந்து எந்தக் காலத்தில் எத்தனை பேர் நடந்தார்கள் என்று கணக்கெடுத்தார்கள்.

நம் பக்கம் அன்னதானம் வாங்கியவர் சீட்டு எதுவும் தருவதில்லை. கை கழுவிவிட்டுப் போய்விடுகிறார். ஆனால் கொடுத்தவர் பெயர் எங்கும் இருக்கிறது: ஃப்ளெக்ஸில், நோட்டீஸின் கீழ்ப்பகுதியில், "உபயம்" என்று சுவரில், மண்டபத் தூண் கல்லில், மைக்கில் வாசிக்கும் பட்டியலில். அங்கே வாங்கியவரின் ஊர் தெரிகிறது, இங்கே கொடுத்தவரின் தெரு தெரிகிறது. இந்த வித்தியாசத்தைப் புரிந்துகொண்டால் எந்தச் சான்றை எங்கே தேட வேண்டும் என்பது தெளிவாகும்.

ஆகவே ஒவ்வொரு பந்தலிலும் எடுக்க வேண்டியது: எந்த நாள் முதல் எந்த நாள் வரை, எத்தனை வேளை, எத்தனை படி அரிசி, அரிசி யார் கொடுத்தது, சமைப்பவர் கூலிக்கா சேவைக்கா, பாத்திரம் தேய்ப்பது யார், இடம் யாருடையது. நோட்டீஸைப் படம் பிடிக்க வேண்டாம், ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். அச்சகத்தின் பெயரும் ஆண்டும் அடியில் சிறு எழுத்தில் இருக்கும். "எத்தனாம் ஆண்டு அன்னதானம்" என்ற எண்ணை மட்டும் நம்பிவிடாதீர்கள். நடுவில் நின்றுபோன ஆண்டுகளையும் சேர்த்துத்தான் போடுவார்கள். பழைய நோட்டீஸை யார் வீட்டு அலமாரியிலோ தேடினால் உண்மைத் தொடக்கம் கிடைக்கும்.

மானிடவியலாளர்களான விக்டர் டர்னரும் எடித் டர்னரும் 1978இல், யாத்திரையில் படிநிலைகள் தளர்ந்து எல்லாரும் சமமாகும் ஓர் உறவு பிறக்கிறது என்றார்கள். 1991இல் ஜான் ஈட், மைக்கேல் சால்னோ இருவரும் அதை மறுத்து, புனிதத் தலம் போட்டிகள் மோதும் களம் என்றார்கள். இரண்டுக்கும் முன்பே மானிடவியலாளர் ஐராவதி கார்வே, மகாராஷ்டிரத்தின் பண்டரிபுரம் பாதயாத்திரையான வாரியில் நடந்துபோய், ஒன்றாகப் பாடிக்கொண்டு போகிறவர்கள் சாதிவாரியாகத் தனித்தனியே சமைத்துச் சாப்பிடுவதைக் கண்டு எழுதினார். கோட்பாட்டு அத்தியாயத்தை 40 பக்கம் நிரப்புவதைவிட, ஒரு பந்தலின் பந்தியில் யார் பக்கத்தில் யார் உட்கார்ந்தார் என்று 3 வேளை படம் வரைந்து வைப்பது மேல். டர்னர் சரியா கார்வே சரியா என்று அந்தப் படமே பேசும்.

ஜப்பானோடு ஒப்பிடும்போது

பொதுவாக விழும் குழி, ஷிகோக்குவில் எல்லாரும் நடக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வது. சுமார் 1,200 கி.மீ. பாதையை முழுக்க நடக்க 40 முதல் 60 நாள் ஆகும். அப்படி நடப்பவர் சிறுபான்மை. இயோ ரயில்வே நிறுவனம் 1953இல் சுற்றுலாப் பேருந்து விட்ட நாள்முதல் பெரும்பாலோர் பஸ்ஸிலும் காரிலும்தான் போகிறார்கள். நம் பாதயாத்திரிகரை அங்குள்ள நடையாளியோடு ஒப்பிடலாம். அல்லது நம் வேன் பயணியை அங்குள்ள பஸ் பயணியோடு ஒப்பிடலாம். குறுக்கே ஒப்பிட்டால் ஜப்பானியர் பக்தி பெரிது என்றோ சிறிது என்றோ தவறான முடிவுக்கு வருவீர்கள்.

அடுத்தது வடிவம். வேளாங்கண்ணி நடை கோடு, ஷிகோக்கு வட்டம். முதல் எண் கோயில் தொகுஷிமாவின் ரியோசென்ஜி என்றாலும் எங்கே தொடங்கி எந்தத் திசையில் சுற்றினாலும் செல்லும்; நெட்டாண்டில் வேண்டுமென்றே எதிர்ச்சுற்று போகும் வழக்கமும் உண்டு. வட்டத்தில் சேருமிடம் என்று ஒன்று இல்லாததால் வந்து சேர்ந்தவரை ஒரே வாசலில் நின்று எண்ணவும் முடியாது. கோட்டுக்குக் கோடு வேண்டுமென்றால் ஜப்பானிலேயே இசே, குமானோ என்ற புனிதத் தலங்களுக்குப் போகும் பாதைகளை எடுங்கள். வட்டத்துக்கு வட்டம் வேண்டுமென்றால் நமக்கு 108 திவ்ய தேசம் இருக்கிறது. திருவஹீந்திரபுரம் தேவநாதப் பெருமாள் கோயிலில் நின்று "இதோட எத்தனை திவ்ய தேசம் ஆச்சு?" என்று கேட்டால் சட்டென்று எண் வரும். பலர் ஆண்டுக்குக் கொஞ்சமாகத் தவணையில் முடிக்கிறார்கள். ஷிகோக்குவிலும் அப்படித்தான், விடுமுறைக்கு விடுமுறை துண்டு துண்டாக.

காசு பற்றிக் கூச்சப்படாமல் எழுதுங்கள். ஷிகோக்குவில் முத்திரை ஏட்டில் ஒரு கோயிலின் முத்திரைக்கு 300 யென்னாக இருந்தது 2024 ஏப்ரலில் 500 ஆனது. 88 கோயிலுக்கு 44,000 யென். இங்கே குட்டியானை வாடகை, ஒலிபெருக்கி, ஜெனரேட்டர் டீசல், குழுச் சந்தா எல்லாவற்றையும் கூட்டி ஆளுக்கு எவ்வளவு விழுகிறது என்று பார்க்காமல் பக்தியை மட்டும் எழுதினால் ஆய்வு அரைவேக்காடு.

படிக்கப் புத்தகம் இல்லை என்ற கவலை வேண்டாம். நகோயாவின் நன்சான் நிறுவனம் நடத்தும் ஜப்பானிய சமய ஆய்வு ஆங்கில இதழ் முழுவதும் இணையத்தில் இலவசம். 1997இல் யாத்திரைக்கென்றே ஒரு சிறப்பிதழ் வந்தது. ஜப்பானியக் கட்டுரைகளுக்கு ஜே-ஸ்டேஜ் தளம். மட்சுயாமாவில் உள்ள எஹிமே பல்கலைக்கழகத்தில் ஷிகோக்கு யாத்திரைக்கும் உலக யாத்திரைகளுக்குமாகத் தனி ஆய்வு மையமே இருக்கிறது. புதுச்சேரியில் 1955இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் கோயில் படத் தொகுப்பை, சாலையோர மண்டபங்களின் காலத்தைச் சரிபார்க்கப் பயன்படுத்துங்கள். ரோமன் ரோலண்ட் நூலகத்தில் பழைய நாளிதழ்களைக் கேட்டுப் பாருங்கள். திருவிழாச் செய்திகள் ஆண்டுதோறும் ஒரே வாசகத்தில் வந்தாலும், விபத்துச் செய்திகளில் யாத்திரிகரின் ஊர், வயது, வந்த வழி எல்லாம் இருக்கும்.

எழுதி முடித்தபின்

பெயர்களை எடுத்துவிட்டு வே-14, வட-03 என்று குறியீடு கொடுங்கள். பெயரும் குறியீடும் சேர்ந்த தாள் ஒன்றே ஒன்று, வேறு இடத்தில், பூட்டிய பெட்டியில். சிறிய ஊர் என்றால் பெயரை எடுத்தாலும் போதாது: "கிராமத்தின் ஒரே பெண் தையற்காரர்" என்று எழுதினால் யாரென்று எல்லாருக்கும் தெரியும். உயிரோடு இருப்பவரின் வேண்டுதலை அவர் மறுபடி சம்மதிக்காமல் அச்சில் ஏற்றாதீர்கள்.

தண்ணீர், கழிப்பறை, பந்தல் காட்டும் வரைபடத்தை மட்டும் ஒரே தாளில் தமிழில் அச்செடுத்து, அடுத்த ஆண்டு குழுக்கள் கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பு கொடுங்கள். பந்தல் போடுகிறவர்களிடமும் கொடுத்தால் எங்கே இரண்டு பந்தல் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறது, எங்கே 8 கி.மீ. தூரத்துக்கு ஒன்றுமே இல்லை என்று அவர்களே பேசி முடிவு செய்துகொள்வார்கள். பெண்கள் இரவு தங்கும் இடங்களை அந்தத் தாளில் குறிக்க வேண்டாம். அது வாய்வழியாகவே போகட்டும்.